பார்சிலோனாவுல என்னம்மா இருக்கு

பார்சிலோனான்னு சொன்னீங்கள்ல, இப்ப போன்ல? காதுல விழுந்துச்சும்மா. ஒட்டுக் கேட்டேன்னு நினைச்சுக்கிறாதீங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவ நான். ஆயுசெல்லாம் காதை வச்சே சம்பளம் வாங்கியாச்சு. பக்கத்துல ஒருத்தர் பேசுனா அது தானா உள்ள வந்துரும், நான் என்ன செய்ய?

நான் போயிருக்கேன். அதே பார்சிலோனாதான், வேற எது? ஏன் அப்படிப் பாக்குறீங்க, என்னையப் பாத்தா போனவ மாதிரி தெரியலையா? போன வருஷம் போனோம், மூணு பொம்பளைங்க. நாலஞ்சு நாளு சுத்திப் பாத்துட்டு வந்தோம். இந்த வண்டி மெட்ராஸ் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு, சொல்றேன் கேளுங்க. போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் உண்மையச் சொல்லணும்ல. எங்களுக்கு யாரும் சொல்லல.

ஒண்ணுமே இல்லம்மா அங்க.

ஒரு சர்ச்சு இருக்கு. உலகமே வந்து அண்ணாந்து பாக்குது. இன்னும் கட்டி முடிக்கல! நூறு வருஷத்துக்கு மேல கட்டிக்கிட்டே இருக்காங்களாம். உச்சியில கிரேன் நிக்குது. என் கொழுந்தன் ஒருத்தன் நாராயணபுரத்துல இப்படித்தான் வீடு கட்டுனான், மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்காமலே பால் காச்சுனான். ஊரே சிரிச்சுச்சு. அங்க என்னடான்னா டிக்கெட் வாங்கிக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க.

கடலோரத்துல பெரிய தூணு ஒண்ணு. அது மேல கொலம்பஸ் நின்னுக்கிட்டு விரலை நீட்டுறாரு. நம்ம நாட்டைத் தேடிக் கெளம்பி வேற நாட்டுல போயி எறங்குன ஆளு. சரி, இப்பவாவது ஒழுங்கா வழி காட்டுறாரான்னு கேட்டா, அந்த விரலு அமெரிக்காப் பக்கமும் இல்ல, நம்ம பக்கமும் இல்லையாம். அவங்க ஊரு ஆளே சொல்றான், சிரிச்சுக்கிட்டு. தப்பா வழி காட்டுறவருக்கு ஒரு தூணு.

சாப்பாடு? நல்லாக் கேட்டீங்க. ரொட்டியச் சுட்டு, தக்காளியப் பாதியா அறுத்து, அது மேல தேய்க்கிறான். அவ்வளவுதான் சமையல். நம்ம வீட்டுல தோசைக்கல்லுக்கு வெங்காயம் தேய்ப்போம், அதைப் போயி சமையல்னு சொல்லுவோமா? மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்கு. அதுக்கு முன்னாடி ஓட்டல்ல போயி உக்காந்தா, என்னமோ நம்ம பிச்சை கேட்டு வந்த மாதிரிப் பாப்பான்.

காபியா? வேணாம் தம்பி, போ. இந்த ரயில் காபி கழனித் தண்ணி மாதிரி இருக்கும்மா, நீங்களும் வாங்காதீங்க.

எங்க விட்டேன்? மூணு பேரு. நான், பிலோமினா, திலகவதி. மூணு பேரும் மதுரை எக்ஸ்சேஞ்சுல ஒண்ணா இருந்தவங்க. என் பேரு பங்கஜவல்லி. எல்லாரும் பங்கஜம்னுதான் கூப்பிடுவாங்க, நீங்க ஆன்ட்டின்னே கூப்பிடுங்க.

பிலோ கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேட்டா, ‘நேரம் இல்லடி’ம்பா. அப்படி என்ன கலெக்டர் வேலையா பாத்தா? திண்டுக்கல்ல சொந்த வீடு, முன்னாடி ஒரு மாமரம், ஆளு மட்டும் தனி. அவளுக்குத்தான் இந்த ஊரு மேல ஆசை. அந்த முடியாத சர்ச்சைக் கண்ணால பாக்கணுமாம். அவ அண்ணன் மக ஜெர்மனியில இருக்கா. அந்தப் பொண்ணுதான் எல்லாம் போட்டுக் குடுத்தது. டிக்கெட்டு, தங்குறதுக்கு ஒரு வீடு. வீடா அது? மாடி மேல மாடி ஏறிக்கிட்டே இருக்கணும், லிப்ட் கெடையாது. ஜன்னலைத் தொறந்தா எதுத்த வீட்டுக்காரன் பனியன் காயுது. இதுக்கு நம்ம கீழவாசல்லயே ரூம் போட்டுருக்கலாம்.

திலகம் கதை வேற. அவ வீட்டுக்காரரு தவறிப் போயி அப்ப ரெண்டு வருஷம்கூட ஆகல. நல்ல மனுஷன்தான், ஆனா கண்டிப்பு. ஷிப்ட் முடியிறதுக்கு முன்னாடியே ஸ்கூட்டரோட கேட்டுல நிப்பாரு. அவ ஒரு நிமிஷம் எங்ககூடப் பேசிட்டு வந்தாப் போதும், ஹாரனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. ஆபீஸே சொல்லும், ‘ஏ திலகம், உன் ஹாரன் வந்துருச்சு.’ அவளும் செருப்பை முழுசா மாட்டாமக்கூட ஓடுவா. அப்படி ஒரு குடும்பப் பாங்கு. வெளியூர் லைன் போட்டுக் குடுக்குற டிரங்க் கால் போர்டுல அவ குரலுன்னா எல்லாருக்கும் பிடிக்கும். தேன் மாதிரின்னுவாங்க. எனக்கும் குரல் நல்லாத்தான் இருக்கும். என்னையத்தான் கம்ப்ளைண்ட் செக்‌ஷன்ல போட்டுட்டாங்க.

அவரு போன பெறகு மதுரை அண்ணாநகர்லயே மகன் வீட்டுல இருந்தா. ஒரே மகன், பிரபாகர். மருமக வேலைக்குப் போகுது. திலகம்தான் சமையல், பேரனை வேனேத்தி விடுறது, துணி மடிக்கிறது எல்லாம். நல்லாத்தான் வச்சுருந்தான். ஒரு குறை சொல்ல முடியாது. சாயங்காலம் மட்டும் அவ எங்கயும் போக முடியாது, ஏன்னா மருமக வரும்போது காபி சூடா இருக்கணும். அதிலென்ன இருக்கு? நம்மெல்லாம் அப்படித்தானே?

முதல்ல அனுப்ப மாட்டேன்னுட்டான். நான்தான் போயிப் பேசுனேன். ‘நான் கூட இருக்கேன் தம்பி, அம்மாவ என் கண்ணு மாதிரி பாத்துக்கிறேன்’னேன். ‘உங்களை நம்பித்தான் ஆன்ட்டி அனுப்புறேன்’னான். இதை மறந்துறாதீங்க. பின்னாடி நடந்ததுக்கெல்லாம் இதுதான் காரணம். என்னைய நம்பி அனுப்புனான்.

என் வீட்டுக்காரரு வரல. அவருக்கு டி.வி. இருந்தாப் போதும். சாம்பார், குழம்பெல்லாம் டப்பா டப்பாவா ப்ரீசர்ல வச்சுட்டுப் போனேன். எனக்குப் புருஷன் இருக்காரும்மா, அந்த ரெண்டு பேரு மாதிரி இல்ல. மூணு பேர்ல பொறுப்புள்ளவ நான் ஒருத்திதான்னு வச்சுக்கங்க.

போயி எறங்குன மறுநாளே திலகம் மாறிட்டா. பிலோ வாங்கிக் குடுத்த கேன்வாஸ் ஷூவைச் சேலைக்குக் கீழ மாட்டிக்கிட்டா. வெள்ளை ஷூ! பாக்கச் சகிக்கல. அதைப் போட்டுக்கிட்டு எங்களுக்கு முன்னால நடக்குறா. ஊர்ல ரோட்டைத் தாண்டச் சொன்னா என் முழங்கையப் பிடிச்சுக்கிறவ. காபிக் கடையில போயி அவளே ஏதோ அந்தப் பாஷையில கேட்டு வாங்குறா. கடைக்காரன் சிரிச்சா இவளும் சிரிக்கிறா. நான் ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன், ‘ஏ திலகம், பல்லை மூடு, பாக்குறாங்க’ன்னு. ‘யாரு பாக்குறா?’ன்னு சுத்தித் திரும்பிப் பாத்தா. நிஜமாவே தேடுனா, யாராவது பாக்குறாங்களான்னு.

பார்க்கு ஒண்ணு இருக்கு, மலை மேல. உடைஞ்ச பீங்கானையெல்லாம் ஒட்டி வச்சு ஒரு பல்லி செஞ்சு வச்சுருக்கான். பல்லிம்மா! அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்க அடிதடி. நம்ம வீட்டுச் செவுத்துல எத்தனை ஓடுது. திலகம் அதுகிட்டப் போயி கையெடுத்துக் கும்பிட்டா, காஞ்சிபுரத்துப் பல்லின்னு நினைச்சுக்கிட்டாளாம். பிலோ விழுந்து விழுந்து சிரிச்சா. ரெண்டு பேரும் படியில உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. என்ன சிரிப்புன்னு கேட்டேன். ‘ஒண்ணுமில்லடி’ன்னுட்டாங்க. அது என்ன ஒண்ணுமில்ல?

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம். பழைய ஊருப் பக்கம் இன்னொரு பெரிய சர்ச்சு இருக்கு, இது கட்டி முடிச்ச சர்ச்சு. அதுக்கு முன்னால அகலமா ஒரு வெளி. நாங்க நடந்து நடந்து அங்க போயிச் சேந்தோம். படியில வரிசையா நாற்காலி போட்டு ஒரு பேண்டு செட்டு உக்காந்துருந்துச்சு. அதுல ஒரு குழல், அசல் நம்ம நாதசுரம். நாதசுரத்துக்கு ஜலதோஷம் பிடிச்சா எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம்.

அதைக் கேட்டதும் கூட்டத்துல இருந்து ஆளுக வந்தாங்க. இளவட்டம்னு நினைக்காதீங்க. எல்லாம் கெழடுக. நரைச்ச தலை, மூக்குக் கண்ணாடி, காய்கறி வாங்கப் போற பையி. அந்தப் பையெல்லாம் நடுவுல ஒரே குவியலா வச்சாங்க, கோட்டைக் கழட்டி அது மேல போட்டாங்க. அதைச் சுத்தி வட்டமா நின்னு கை கோத்துக்கிட்டு ஆட ஆரம்பிச்சாங்க. ஆட்டம்னா குதியாட்டம் இல்ல. கோத்த கையைத் தோளுக்கு மேல தூக்கிக்கிறது, கால் நுனியால இங்கிட்டு ரெண்டு, அங்கிட்டு ரெண்டு. ஒருத்தர் முகத்துலயும் சிரிப்பு இல்ல. வாய்க்குள்ள எண்ணிக்கிட்டே ஆடுறாங்க, கணக்குப் பரிச்சை எழுதுற மாதிரி. இதுக்கு என்னமோ பேரு சொன்னா பிலோ, சர்தானாவோ என்னமோ. நம்ம ஊர்ல முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுறவங்களக் கொண்டு வந்து நிறுத்துனா இவங்கெல்லாம் ஓடிருவாங்க.

நான் பிலோகிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தா திலகத்தைக் காணோம்.

வட்டத்துக்கு ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டு இருக்கா. வெள்ளை ஷூ தரையில தட்டுது. வட்டத்துல ஒரு கெழவி, முடியக் கட்டையா வெட்டிக்கிட்டவ, ஆடிக்கிட்டே இவளைப் பாத்தா. பக்கத்து ஆளு கையை விட்டுட்டு, இப்படி, உள்ளங்கை தெரியிற மாதிரி நீட்டுனா. வா போன்னு ஒரு வார்த்தை இல்ல.

திலகம் என்ன செஞ்சா தெரியுமா? தோள்ல தொங்குன பையைக் கழட்டுனா. பாஸ்போர்ட்டு அதுலதான் இருக்கு. அதைக் கொண்டு போயி அந்தக் குவியல்ல போட்டுட்டுப் போயி நின்னுக்கிட்டா. ஒரு பக்கம் அந்தக் கெழவி. இன்னொரு பக்கம் ஒரு ஆம்பளை.

ஆமாம்மா, ஆம்பளை. வயசானவருதான், சட்டைப் பையில பேனா சொருகியிருந்தாரு, ரிட்டயர்டு வாத்தியாரு கணக்கா. வயசானா ஆம்பளை இல்லைன்னு ஆயிருமா? அவரு கையை இவ பிடிச்சுக்கிட்டா. கூசவே இல்ல. காலைப் பாக்குறா, தப்பா வைக்கிறா, அந்தாளு தலைய ஆட்டிக் காட்டுறாரு, திரும்ப வைக்கிறா. கொஞ்ச நேரத்துல பிடிச்சுக்கிட்டா. கையைத் தூக்கும்போது சேலை முந்தானை காத்துல பறக்குது. சர்ச்சு மேல வெயிலு மஞ்சளா அடிக்குது. அவ முகத்தை நான் அப்படிப் பாத்ததே இல்ல. சிரிக்கல. எல்லாரும் மாதிரி அவளும் எண்ணிக்கிட்டு இருந்தா.

பிலோ கை தட்டுறா. வெக்கங் கெட்டவ.

நான் வீடியோ எடுத்தேன். எல்லாரும்தான் எடுத்தாங்க, நான் எடுத்தது மட்டும் குத்தமா? எடுத்து பிரபாகருக்கு அனுப்புனேன். என்னைய நம்பி அனுப்புனவன், அம்மா எங்க இருக்கா, என்ன செய்யிறான்னு தெரியணுமா இல்லையா? என்ன எழுதுனேன்னு இப்பவும் போன்ல இருக்கு, நீங்களே பாருங்க. ‘அம்மா இங்க புது ஆளுகளோட ரொம்ப சந்தோசமா இருக்காங்க தம்பி. கவலை வேண்டாம்.’ இதுல ஒரு வார்த்தை பொய்யா? ஒரு வார்த்தை தப்பா? அப்படியே கை பட்டு எங்க பழைய எக்ஸ்சேஞ்சு குரூப்புக்கும் போயிருச்சு. அது வேணும்னு செஞ்சது இல்ல. இந்தப் புதுப் போன்ல எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுருக்கான்.

மறுநாள் காலையில, நான் பல்லு விளக்கிக்கிட்டு இருக்கேன், திலகம் போனு அடிச்சுச்சு. அவ எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா. ஹெட்போன் மாட்டி மாட்டி ஒரு காது மந்தம். அந்த அடுப்படி மேடையில போனை வச்சுட்டு ரொட்டி நறுக்கிக்கிட்டே, ‘சொல்லுப்பா’ன்னா.

‘என்னம்மா கூத்து இது?’ன்னான் பிரபாகர்.

‘என்ன கூத்து?’

‘ஆன்ட்டி வீடியோ அனுப்பியிருக்காங்க. எவன் கையையோ பிடிச்சுக்கிட்டு நடுரோட்டுல ஆடிக்கிட்டு இருக்க. எம் மாமியா வீட்டுல எல்லாம் பாத்துட்டாங்க. யாரோ எக்ஸ்சேஞ்சு குரூப்புல இருந்து அனுப்பியிருக்காங்க. எனக்கு மூஞ்சியக் காட்ட முடியல.’

திலகம் கத்தியக் கீழ வச்சுட்டு என்னையப் பாத்தா. என் வாயில பிரஷ்ஷு.

‘அப்பா இருந்திருந்தா இப்படி ஆடுவியா?’ன்னான்.

‘அப்பா இருந்திருந்தா இங்க வந்தே இருக்க மாட்டேனேப்பா.’

‘இந்தப் பேச்செல்லாம் வேணாம். நாளைக்கு ப்ளைட் ஏறுற வரைக்கும் ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. ஆன்ட்டிகிட்ட போனைக் குடு.’

அவ குடுக்கல. பெறகு முதுகை நிமித்திக்கிட்டா. அவ வாயில இருந்து ஒரு குரலு வந்துச்சு பாருங்க. அது எக்ஸ்சேஞ்சுக் குரலு. அந்த டிரங்க் போர்டுக் குரலு, பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குப் பெறகு. பதறாம, ஏத்தம் எறக்கம் இல்லாம, தேன் மாதிரி.

‘சார், நீங்க கேட்ட பார்ட்டி வெளிய போயிருக்காங்க சார். கால் கேன்சல் பண்ணிரலாங்களா?’

சொல்லிட்டு லைனைக் கட் பண்ணிட்டா.

பெத்த மகன்கிட்டப் பேசுற பேச்சாம்மா இது? வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து, ‘நான் நல்லதுக்குத்தான் திலகம் அனுப்புனேன்’னேன். அவ திரும்பி ரொட்டிய நறுக்க ஆரம்பிச்சுட்டா. ரெண்டு திட்டு திட்டியிருந்தா எனக்கும் திருப்பிப் பேச வசதியா இருந்திருக்கும். பிலோதான் எகிறுனா. ‘நல்லதுக்கு அனுப்புறவ அவகிட்டச் சொல்லிட்டு அனுப்பியிருப்படி. நீ போட்டுக் குடுத்த. அன்னைக்கு ஆபீஸ்ல சூப்பர்வைசர்கிட்ட போட்டுக் குடுத்தாப்புல’ன்னா. அது என்னைக்கோ நடந்தது. அதுவும் நான் இல்ல, அதுல என் பேரு அடிபட்டுச்சு, அவ்வளவுதான்.

திலகம் சேலையை எடுத்துச் சொருகி பின்னு குத்திக்கிட்டா. ஷூவை மாட்டிக் கயிறு கட்டுனா. கதவைத் தொறந்துக்கிட்டு, ‘இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, காலையிலயும் ஆடுவாங்களாம். நான் போறேன். பிலோ, வர்றியா?’ன்னா. பெறகு என் பக்கம் திரும்பி, ‘நீயும் வர்றியா பங்கஜம்?’ன்னா.

கேட்டா பாருங்க. அவ்வளவு நடந்த பெறகும் கேட்டா. அப்படின்னா அவ மனசுக்கே தெரிஞ்சுருக்குன்னுதானே அர்த்தம், தப்பு யாரு பேர்லன்னு?

போனேன். அந்த ரூம்ல தனியா எதுத்த வீட்டுப் பனியனைப் பாத்துக்கிட்டு என்ன செய்ய? பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. ரெண்டு பேரும் பையைக் குவியல்ல போட்டாங்க. பிலோ இருக்கிற உடம்புக்கு அவளும் போயி நின்னுக்கிட்டா. ‘பையை நான் பாத்துக்கிறேன்’னு சொன்னேன். ‘வேணாம்டி, நடுவுல பத்திரமா இருக்கும்’னுட்டாங்க. நான் படியில உக்காந்தேன். கல்லு, ஐஸ் மாதிரி. அங்க ஏப்ரல்லயும் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.

அந்தப் பேனாக்காரரும் வந்திருந்தாரு, பெஞ்சாதியோட. நேத்து வந்த அந்தக் கட்டை முடிக் கெழவிதான் பெஞ்சாதி. நேத்து எனக்கு அது எப்படித் தெரியும்? திலகத்தைப் பாத்ததும் ரெண்டு பேரும் தலையாட்டுனாங்க, சின்ன வயசுல இருந்து பழகுனவங்க மாதிரி.

ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்த அம்மா படிக்கு வந்தா, என் முன்னால. கையை நீட்டுனா. நேத்து மாதிரியே, உள்ளங்கை தெரிய. நான் முட்டியத் தொட்டுக் காட்டுனேன், முட்டி வலின்னு. எனக்கு முட்டி வலியெல்லாம் ஒண்ணும் கெடையாது, அழகர்கோயில் மலை ஏறுவேன். கண்டவங்க கையை எதுக்குப் பிடிக்கணும்? ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டேன். அவ போகல. நீட்டுன கையோட அங்கயே நின்னா. குழல்காரன் ஊத ஆரம்பிச்சுட்டான், அப்பவும் நின்னா. அவ கையில தோலு சுருங்கி, ஒரு வெரல்ல சின்ன வெட்டுக்காயம், பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு. நம்மள மாதிரிதான், காய் நறுக்கும்போது பட்டிருக்கும்.

பெறகு போயிட்டா. வட்டம் மூடிக்கிருச்சு.

எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. அவங்க வந்தப்ப ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது, முகமெல்லாம் வேர்வை. ‘பசிக்குதுடி’ன்னா பிலோ. தக்காளி தேச்ச ரொட்டிதான், வேற என்ன.

மதுரை ஏர்போர்ட்டுக்குப் பிரபாகர் கார் எடுத்துட்டு வந்திருந்தான். மூஞ்சி உர்ருன்னு இருக்கு. திலகம் அவன்கிட்டப் போயி கன்னத்தைத் தொட்டா. ‘ரெண்டு நாள் பிலோ வீட்டுல இருந்துட்டு வர்றேம்பா’ன்னா. அவ்வளவுதான். பெட்டிய எடுத்துப் பிலோ டாக்ஸியில வச்சுட்டு ஏறிட்டா. அந்த ரெண்டு நாளு இன்னும் முடியல. பிலோ வீட்டு மாடியிலயே இருக்கா. ஞாயித்துக்கிழமை பேரன் போறான், பாத்துட்டு வர்றான். மகனும்கூட இப்பப் போயிட்டு வர்றானாம். என்கிட்டத்தான் பேச மாட்டேங்கிறான். ‘நீங்க பாத்துக்கிறேன்னு சொன்னீங்களே ஆன்ட்டி’ன்னு ஒரு நாள் வாசல்ல நின்னு கேட்டான் பாருங்க, எனக்கு வந்துச்சு ஆத்திரம். நான் பாத்ததுனாலதானே உனக்கு வீடியோவே வந்துச்சு?

இப்பத் தாண்டி வந்தோமே திண்டுக்கல், அங்கதான் இருக்காங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். சும்மாதான். ஸ்டேஷன்ல அவங்களுக்கு என்ன வேலை.

எக்ஸ்சேஞ்சு குரூப்புல இருந்தும் என் பேரு விட்டுப் போச்சு. நெட்வொர்க் கோளாறா இருக்கும். எங்க வீட்டுக்காரரு இருக்காரே, நான் பார்சிலோனாவுல இருந்து வந்து வாசல்ல பெட்டியோட நிக்கிறேன், கதவைத் தொறந்துட்டு, ‘அதுக்குள்ள வந்துட்டியா?’ன்னாரு. ப்ரீசர்ல வச்ச டப்பாவெல்லாம் அப்படியே இருக்கு. தினம் கடையில பரோட்டா வாங்கித் தின்னுருக்காரு.

இப்ப மக வீட்டுக்குத்தான் போறேன், தாம்பரத்துக்கு. வான்னு கூப்பிடல, நானாத்தான் போறேன். கூப்பிட்டாத்தான் போகணுமா என்ன, பெத்த மக வீடு.

திலகத்தைப் பாத்தேன், போன மாசம். எங்க பழைய சூப்பர்வைசர் மகளுக்குக் கல்யாணம், திண்டுக்கல்ல. பந்தியில எனக்கு எதுத்த வரிசையில உக்காந்திருந்தா. தலைமுடியக் கழுத்தோட வெட்டிக்கிட்டா, சாயம் கூட அடிக்கல. கை கழுவுற எடத்துல நானே போயிப் பேசுனேன். நமக்கென்ன பயம்?

‘என் மேல கோவமா இருக்கியா திலகம்?’னு கேட்டேன்.

அவ கையத் தொடைச்சுக்கிட்டே யோசிச்சா. ‘இல்லடி பங்கஜம். நீ மட்டும் அதை அனுப்பலேன்னா நான் நல்லபடியா ஊரு பாத்துட்டு நேரா அந்த வீட்டுக்குத்தான் போயிருப்பேன். காபி போட. அதுக்கு உனக்கு நன்றி சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்’னா.

கேட்டுக்கங்க! நன்றி! அவ வாயாலயே சொல்லிட்டா. அப்ப நான் செஞ்சது சரின்னு ஆயிருச்சா இல்லையா? பிலோவும் பக்கத்துலதான் நின்னு கேட்டா.

‘அப்ப அடுத்து எங்கடி போறோம்?’னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே.

‘லிஸ்பனுக்கு. நானும் பிலோவும்’னா. அவ்வளவு மெதுவாச் சொன்னா, அந்தக் குரல்லயே. ‘உன் மேல கோவம் இல்ல பங்கஜம். ஆனா உன்னோட சேந்து இனிமே எங்கயும் வர மாட்டேன்.’ சொல்லிட்டு என் தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டா.

வர மாட்டாளாம். யாரு கூப்பிட்டா இவளை? லிஸ்பன்ல மட்டும் என்ன இருக்கப் போகுது? அங்கயும் ஒரு சர்ச்சு இருக்கும், ஒரு தூணு இருக்கும். போகட்டும். மீன் நாத்தம் அடிக்கும்னு கேள்வி.

நீங்க எத்தனை பேரு போறீங்க? அஞ்சா? எல்லாரும் பொம்பளைப் பிள்ளைகளா?

அஞ்சுன்னா ஒத்தப்படையால்ல வருது. ரூமுக்கு ரெண்டு ரெண்டு பேருன்னா ஒருத்தி தனியா கெடக்கணும். தெரியாத ஊரு. தனியா இருக்கிறதுன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கெல்லாம் தெரியாது. அதுவும் கூட வந்தவங்க அடுத்த ரூம்ல சிரிக்கிற சத்தம் செவுத்து வழியாக் கேட்டுக்கிட்டே இருக்கும்போது. வயசுல மூத்தவங்க ஒருத்தர் கூட இருந்தா உங்க வீடுகள்லயும் நிம்மதியா இருப்பாங்க.

எனக்கு அந்த ஊரைத் திரும்பப் பாக்கணும்னு ஒண்ணும் இல்ல. அதான் சொன்னேனே, அங்க ஒண்ணுமே இல்லைன்னு. பாஸ்போர்ட்டு பீரோவுல சும்மா கெடக்கு, அதுக்காகச் சொன்னேன். ஒரு தடவை விசா குடுத்தவங்களுக்கு மறுபடி சுலபமாக் குடுக்குறாங்களாம்.

அவசரமில்ல, கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் வந்தாலும் வராட்டியும் ஒண்ணு மட்டும் செய்ங்க. டிக்கெட் போடும்போது, ஞாயித்துக்கிழமை காலையில அங்க இருக்கிற மாதிரிப் போடுங்கம்மா.